டீச்சருக்குப் போட்ட ஊசி

செல்வதாஸ் அண்ணன் எங்கள் மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டியவர். அதற்கும் நுண்ணுயிரியல் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று நேர்முகத் தேர்வில் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டும் பையப் பைய எடுக்க வேண்டிய காரியந்தானே" என்றாராம். எதை எடுக்க வேண்டும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. கேட்டவர்களும் அதற்குமேல் கேட்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

எடுக்க வேண்டியது ஆட்டு ரத்தம். நோயாளியின் உடம்பில் எந்தக் கிருமி இருக்கிறது என்று தெரிய, அதை வெளியே எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். சில கிருமிகள் சாப்பாட்டு விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டாரைப் போல. வெறும் அகார் கூழைக் கொடுத்தால் திரும்பியும் பார்க்காது. அதில் செம்மறியாட்டு ரத்தம் கலந்து, வட்டத் தட்டில் ஊற்றி, உறைய வைத்துப் பரிமாறினால்தான் வளரும். அதற்காகவே கல்லூரியின் பின்பக்கம், முயல்களும் வெள்ளை எலிகளும் இருக்கும் விலங்குக் கூடத்தில் ஒரு செம்மறியாடும் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது அண்ணனின் பொறுப்பு.

பதிவேட்டில் அதன் பெயர் 'செம்மறி 2'. அவர் வைத்த பெயர் டீச்சர். யார் உள்ளே போனாலும் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்பதுபோல் நிமிர்ந்து பார்க்கும். 2009இல் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாள் என்னையும் அப்படித்தான் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் ஆட்டைப் பிடித்துக்கொள்வார், நான் கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பேன். எப்போது எடுக்கலாம் என்று முடிவு செய்வது மட்டும் அவர். இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் மறுமுறை. இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் ஓய்வு. மழை நாளில் கூடவே கூடாது.

"மழைக்கும் ஆட்டுக்கும் என்ன அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மழையில வெட்டினா பட்டை அழுகிப் போவும் மோளே."

"ஆட்டுக்கு ஏது பட்டை?"

"ஒனக்கு அதெல்லாம் தெரியாது. நீ படிச்ச பிள்ள."

எடுத்த ரத்தம் உறைந்துவிடக் கூடாது. அதற்காகக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் அதை ஊற்றிப் பத்து நிமிடம் சுழற்ற வேண்டும். அண்ணன் கடிகாரம் பார்ப்பதில்லை. மாமனார் வீட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல ஆரம்பிப்பார். சண்டை முடிந்தால் ரத்தம் தயார். சண்டை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி முடியும், ஆனால் நேரம் தவறியதில்லை.

2011 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. தட்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மழையும் இல்லை, மூன்று வார ஓய்வும் முடிந்திருந்தது. ஆனாலும் அண்ணன் இழுத்தார்.

"இண்ணைக்கு வேண்டாம் மோளே. டீச்சருக்கு மனசு செரியில்ல."

"மனசுக்கும் ரத்தத்துக்கும் என்ன அண்ணே? வார்டிலிருந்து சாம்பிள் வந்துகொண்டே இருக்கிறது."

அவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டார். அன்று மாமனார் வீட்டில் சண்டையே நடக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் குடுவையைச் சுழற்றினார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். புதுத் தட்டுகளில் தெரிந்த கிருமி ஒன்றைத் தீற்றி, வளர்கிறதா என்று சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் செய்யவில்லை.

அந்த வாரம் ஊரில் தொண்டை வலியே ஒழிந்துவிட்டது போலிருந்தது. வந்த தொண்டைச் சளியில் பாதி, தட்டில் ஒன்றுமே வளராமல் கிடந்தது. "நல்லதுதானே, நோய் கொறஞ்சு போச்சு" என்றார் அண்ணன்.

ஆனால் மூன்றாம் மாடிப் பெண்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு நோய் குறையவில்லை. ஒரு மாதமாகக் காய்ச்சல். இதய வால்வில் கிருமி கூடு கட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. எந்தக் கிருமி என்று தெரியாததால் மூன்று மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். அதில் ஒன்று சிறுநீரகத்தைப் பதம் பார்க்கத் தொடங்கியிருந்தது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். மருந்து தொடங்குமுன் எடுத்த ரத்தம் எங்கள் புட்டியில் கலங்கியிருந்தது. அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் ஊதா நிற உருண்டைகள் மணிமாலை போல நிற்பது தெரிந்தது. அதையே தட்டில் தீற்றினால் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்தும் ஒன்றும் இல்லை.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் சண்முகவடிவு மேடம் பூதப்பாண்டிக்காரர், எளிதில் கலங்காதவர். அவரே புத்தகத்தைப் புரட்டி, வளர மறுக்கும் அபூர்வ வகையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். இன்னொரு முறை ரத்தம் எடுத்து வரச் சொன்னார். புட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணனும் என்னோடு வார்டுக்கு வந்தார்.

கட்டிலில் இருந்தவர் அவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார்.

"யாரு, செல்வதாஸ் அண்ணனா? வெள்ளச் சட்டையெல்லாம் போட்டு டாக்டராயிட்டியளா?"

"செசிலி! நீ எப்பம் இஞ்ச வந்த? சந்தையில ஒரு மாசமா ஒன்னக் காணல்ல. நான் பக்கத்துல இருக்கவகிட்ட மீன் வாங்கினேன்."

"அவகிட்டயா? அப்பம் எனக்க பக்கத்துக் கட்டில்ல ஒங்களுக்கும் ஒரு எடம் போட்டு வைக்கச் சொல்லட்டா?"

செசிலி மணவாளக்குறிச்சியிலிருந்து கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டுவந்து விற்பவர். பத்து வருஷமாக அண்ணன் வீட்டுக் குழம்பு அவர் மீனில்தான் கொதிக்கிறது என்று பிறகு தெரிந்தது. நான் கையில் ஊசி குத்தும்போது அவர் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தே பேசினார்.

"அண்ணே, ரத்தத்துல ஒண்ணும் வளரல்லன்னு இவிய சொல்லுதாவ. ஒண்ணும் இல்லன்னா பின்ன எனக்கு எதுக்குக் காயுது? கடவுளாண நான் நடிக்கல்ல."

அண்ணன் புட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார்.

"மோளே, ஒரு காரியம் சும்மா கேக்குதேன். ஆட்டுக்கு ஒரு ஊசி போட்டா, அந்த மருந்து தட்டுலயும் வருமா?"

"எந்த ஆட்டுக்கு?"

"ஏதோ ஒரு ஆட்டுக்கு."

"நம்மிடம் ஒரு ஆடுதானே அண்ணே இருக்கிறது?"

அவர் புட்டிப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். டீச்சரின் பின்னங்கால் குளம்பில் சீழ் பிடித்திருக்கிறது. விலங்குக் கூடங்களைச் சோதிக்கும் குழு அடுத்த வாரம் வருவதாக இருந்தது. நோயுள்ள ஆட்டைப் பார்த்தால் தகுதியில்லை என்று எழுதிக் கழித்துவிடுவார்கள், கழித்த ஆடு கடைசியில் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொல்லாமல், மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்த நண்பர் தாணுலிங்கத்தை, ரத்தம் எடுத்ததற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து ஊசி போட்டிருக்கிறார்.

"ரத்தம் எடுத்தா டீச்சர் தளந்துருவாளேன்னுதான் பயந்தேன். மருந்து தட்டு வரைக்கும் நடந்து வரும்னு எனக்குத் தெரியாதே மோளே. இப்பம் நான் வாயத் தொறக்காம மிண்டாம இருந்தா செசிலி போயிருவாளா?"

அவரே எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனார். கதவைத் தட்டாமல் அவர் உள்ளே போனது அன்றுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்ன மருந்து?"

"பெனிசிலின்னு தாணுலிங்கம் சொன்னான் மேடம். ரெண்டு மூணு நாளு உடம்புல நிக்குமாம்."

மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் தன் வேலை போய்விட்டது என்று முடிவு செய்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். மேடம் கண்ணைத் திறந்தார்.

"சாவிய எடுங்க. ஆட்டுக்குத் தண்ணி வைக்கது ஆரு, நானா?"

பிறகு என்னிடம் திரும்பினார். ரத்த வங்கியிலிருந்து காலாவதியான ரத்தப் பை ஒன்றை வாங்கி உடனே புதுத் தட்டு ஊற்றச் சொன்னார். அவசரத்துக்கு அது போதும். இந்த முறை தெரிந்த கிருமியை ஒரு தட்டில் தீற்றிச் சோதித்துவிட்டு, செசிலியின் கலங்கிய பழைய புட்டியிலிருந்தும் தீற்றினேன்.

மறுநாள் காலை தட்டில் ஊசிமுனை அளவுக் குமிழ்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் பாசி நிறத்தில் மெல்லிய வளையம். வாயில் குடியிருந்து, சொத்தைப் பல் வழியாக ரத்தத்துக்குள் இறங்கி, இதயத்தில் குடித்தனம் நடத்துகிற கிருமி. எந்த மருந்துக்குப் பணிகிறது என்று அடுத்த நாள் பார்த்தோம். மிகச் சொற்ப பெனிசிலினிலேயே செத்துக் கிடந்தது.

மேடம் ஆட்டின் பெனிசிலினில் ஒன்றும் வளராத பழைய தட்டையும் புதுத் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நாம நாலு நாளாத் தேடுன பதில ஒங்க ஆடு முதல்லயே சொல்லியிருக்கு, செல்வதாஸ். நமக்குத்தான் கேக்கல்ல."

அண்ணன் முகம் மலர்ந்தது. "அவளுக்கு அறிவு உண்டு மேடம்."

"அவளுக்கு உண்டு. ஒங்களுக்கு எப்பம் வரும்? இனி அது தும்மினாலும் பதிவேட்டுல எழுதணும்."

வார்டில் இரண்டு மருந்துகளை நிறுத்தினார்கள், சிறுநீரகத்தைப் படுத்தியதும் அதில் ஒன்று. மேடம் தன் கையாலேயே பதிவேட்டில் குளம்புச் சீழையும் ஊசியையும் எழுதி, ஒரு மாதம் ரத்தம் எடுக்கக் கூடாது என்று கையெழுத்திட்டார். சோதனைக் குழு வந்த அன்று அண்ணன் டீச்சருக்காக வாதாட ஒரு பேச்சே தயாரித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார். குழுவிலிருந்த கால்நடை மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்தார். "நன்றாக ஆறியிருக்கிறது. சிகிச்சையையும் எழுதி வைத்திருக்கிறீர்கள், நல்லது" என்று சொல்லிவிட்டு எலிக் கூண்டுப் பக்கம் போய்விட்டார். பேச்சு அப்படியே நின்றுபோனதில் அண்ணனுக்கு இரண்டு நாள் வருத்தம்.

செசிலிக்கு நான்கு வாரம் பெனிசிலின், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அண்ணன் தினமும் மத்தியானம் மூன்றாம் மாடிக்குப் போய்விடுவார். நடந்ததை முழுக்கச் செசிலியிடம் சொல்லியும் இருந்தார். ஒருநாள் நான் போனபோது விவகாரம் நடந்துகொண்டிருந்தது.

"ஒங்க ஆட்டுக்கு ஒத்த ஊசியில செரியாச்சு. எனக்கு ஒரு நாளைக்கு ஆறா? இது என்ன ஞாயம்?"

"அவளுக்குக் காலு, ஒனக்கு இதயம். பின்ன, அவ ஊசி போடுகப்பம் மிண்டாம நிப்பா. நீ நர்ஸ வெரட்டுத."

வீட்டுக்குப் போகும் நாளில் செசிலி நேராக வாசலுக்குப் போகவில்லை. மெல்ல நடந்து விலங்குக் கூடத்துக்கு வந்து, ஆட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பெயர் எழுதாமல் ஒருவரையும் விட முடியாது என்று பார்வையாளர் பதிவேட்டை எடுத்தார். பெயர், ஊர், நேரம் எல்லாம் எழுதினார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"வெயில்ல நிக்க வைக்காதியும் அண்ணே, என்னத்தையாவது எழுதும்" என்றார் செசிலி.

அவர் 'சொந்தம்' என்று எழுதிக் கதவைத் திறந்துவிட்டார். மாதக் கடைசியில் மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். சிவப்புப் பேனா கையில் இருந்தும் திருத்தவில்லை.