டிராமுக்கு உபயம் கேட்ட அருணாதேவி

அருணாதேவி அக்காவை வேங்கிக்காலில் ‘டிராம் அக்கா’ என்றால்தான் தெரியும். ஓடாத டிராமின் பெயரை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டுச் சிரிக்கிற ஊர் இது. எனக்கு அந்தச் சிரிப்பு ஆகாது. அவருடைய தையல் கடைக்குப் பக்கத்தில்தான் என் எலக்ட்ரிக் கடை. நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

அவருக்கு ஒரே மகள், தென்றல். பிறந்ததிலிருந்தே கால் விளங்காமல் சக்கர நாற்காலியில் இருக்கிறவள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள், ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் கல்லூரியில் இடமும் கிடைத்தது. போவது எப்படி? பஸ்காரர்கள் நாற்காலியைத் தூரத்தில் பார்த்ததுமே விசிலடித்துவிடுவார்கள். தினமும் ஆட்டோ வைத்தால் தையல் வருமானம் அதற்கே சரியாகிவிடும்.

அப்போதுதான் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் டிராம் திட்டத்தின் படத்தை வைத்தார்கள். வேங்கிக்காலில் ஏறினால் கல்லூரி வாசலில் இறங்கலாம். படத்தில் ஒரு சக்கர நாற்காலி சாய்வான மேடையில் ஏறி, யாரும் தூக்காமல் நேராக வண்டிக்குள் போனது. அக்கா அதை போனில் எடுத்து வந்து காட்டினார்.

“பாய், இது நம்ம பாப்பாவேதான். டிராம் வந்ததும் காலேஜ்ல சேத்துடறேன்” என்றார்.

பணத்தில் ஒரு பங்கை அரசு தரும், மீதியைக் கெடுவுக்குள் ஊர் திரட்ட வேண்டும் என்றார்கள். வீட்டுவரியை ஏற்றலாம் என்றதும் கூட்டத்தில் ஒரே கூச்சல். கடைகளில் வசூல் என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு நடுவில் அக்கா எழுந்தார்.

“கோயில்ல டியூப் லைட்டுக்குக்கூட உபயம்னு பேர் போட்டுத் தராங்களே சார். டிராமுக்கும் அப்படிக் கேக்கலாமே? நானே வீடு வீடா வரேன்.”

அக்காவின் யோசனை பலித்தது, அதுதான் வினை. சீட்டுக்கு அடிதடி, கடிகாரத்துக்குப் போட்டி. மின்விசிறிக்குக் கொடுத்தவர்கள் இறக்கைக்கு ஒரு பேர் வேண்டும் என்றார்கள். சுற்றுகிற இறக்கையில் எவன் படிப்பான் என்று நான் கேட்டதற்கு, கரண்ட் போகும்போது படிப்பார்கள் என்று பதில் வந்தது. ஆனால் தண்டவாளத்துக்கு ஒருவரும் வரவில்லை.

தண்டவாளத்துக்குக் கேட்டு அக்கா அரிசி மில் கண்ணாயிரத்திடம் போனார். வேங்கிக்கால் நிறுத்தத்தை முழுசாக ஏற்றுக்கொண்டிருந்தவர் அவர். துணைக்கு நானும் போனேன்.

“கோயில் படியில பேர் போட்டா அடியாருங்க பாதம் படும். ரோட்டுல போட்டா லாரி டயரும் சாணியும்தான் படும். வேணாம்மா” என்றார்.

“பேர் போடாமலே குடுங்களேன்.”

“அப்புறம் நான் குடுத்தேன்னு யாருக்குத் தெரியும்?”

மற்றவர்களும் இதையேதான் வேறு வேறு வாயால் சொன்னார்கள். கெடு முடிந்தது. அரசு தன் பங்கை வாபஸ் வாங்கியது. திட்டம் செத்தது.

கண்ணாயிரம் மட்டும் விடவில்லை. நேர்ந்துகொண்ட உபயம் நிற்கக் கூடாது என்று நிறுத்தத்தைக் கட்டியே தீர்த்தார். திறப்பு விழாவுக்கு அக்காவை அழைத்தார். தென்றலை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார் அக்கா.

கூரை, விசிறி, கடிகாரம் எல்லாம் இருந்தன. சாய்வு மேடை இல்லை. அந்த இடத்தில் பளபளக்கும் கிரானைட் படிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பேர்: அப்பா, அம்மா, மேல்படியில் கண்ணாயிரம்.

“படத்துல சாய்வாதானேங்க இருந்துது?” என்று கேட்டார் அக்கா.

“சாய்வுல பேர் எடுப்பாத் தெரியாதும்மா. பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற ஜனங்க இதுல ஏறி உக்காருவாங்க. அவங்க பாதம் படட்டும்” என்றார். மனிதர் மனதாரத்தான் சொன்னார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

வெயில் கொளுத்தியது. “வாம்மா, நான் தூக்கி உக்கார வைக்கிறேன்” என்று தென்றலிடம் குனிந்தேன்.

“வேணாம் மாமா. ஏறி உக்காந்து? அங்க எந்த வண்டி வரப்போவுது?”

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் அழுதார்.