பென்சில் நின்ற இடம்

நான் போட்ட குறுக்கெழுத்துப் புதிரைத் தீர்க்கும்போது யாராவது, எங்கேயாவது, ஒரு முறையாவது சிரித்திருக்கிறார்களா? ஒன்பது ஆண்டுகளாக இந்த ஞாயிறு மலரில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கட்டம் போடுகிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற வாரங்களில் போட்டவரிடம் அவருடைய புதிர்களுக்கான பதில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதியே வைத்திருந்தார்.

அவர் செய்யது நைனா. சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். உங்களில் பலருக்கு, கட்டத்தின் கீழே இருக்கும் 'நைனா' என்ற இரண்டெழுத்தாக மட்டும் தெரிந்திருக்கும்.

போன வாரம் வியாழக்கிழமை காலை, புக்கிட் மெர்தாஜாமில் நான் கணிதம் கற்பிக்கும் பள்ளியில், இரண்டாம் பாடவேளை முடிந்து மூன்றாவதற்கு நடந்துகொண்டிருந்தபோது ஞாயிறு மலரின் பொறுப்பாசிரியரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "நைனா அண்ணே இன்னிக்குக் காலையில தவறிட்டாரு. நெஞ்சு வலி. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அதன் கீழேயே இன்னொன்று: "இந்த ஞாயிறு அவரோட முறை. அவரோடது இன்னும் வரல. உங்ககிட்ட ஏதாச்சும் ரெடியா இருக்கா?"

நான் இரண்டாவது செய்திக்குத்தான் முதலில் பதில் அனுப்பினேன். என்னிடம் மூன்று தயாராக இருந்தன. எப்போதும் மூன்று தயாராக இருக்கும். ஒன்றை அனுப்பிவிட்டு வகுப்புக்குள் போனேன். பலகையில் பாதிக் கணக்கு எழுதிய பிறகுதான் முதல் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது. மாணவர்களுக்கு முதுகைக் காட்டியபடியே மீதிக் கணக்கையும் எழுதி முடித்தேன்.

மறைந்தவரோடு தங்களுக்கு இருந்த நெருக்கத்தைச் சொல்லித்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை எழுதுவார்கள். எனக்கு அவரோடு இருந்தது பொறாமை. அதை விட்டுவிட்டு எழுதினால் இரண்டு வரிகூடத் தேறாது. ஒருவர் இறந்ததும் அவர்மேல் இருந்த பொறாமை கரைந்துவிடும் என்று சொல்கிறார்கள். நான் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். கரையவில்லை.

தமிழில் கட்டம் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. 'மரம்' என்று குறுக்கே எழுதினால் கடைசிக் கட்டத்தில் 'ம்' வந்து உட்கார்ந்துகொள்ளும். புள்ளி வைத்த எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. அங்கிருந்து கீழே இறங்க வழியில்லை. அதனால் பலர் சில சொற்களை வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் எழுதிச் சமாளிக்கிறார்கள். நான் ஒரு முறைகூட அப்படிச் செய்ததில்லை. என் கட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் ஒரே மாதிரி விழும். நைனாவின் கட்டத்தில் கறுப்பு, சட்டையில் தெறித்த சாம்பார் மாதிரி கிடக்கும். சொற்கள் நான்கு திசையிலும் ஓடும். ஒரு முறை ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்துவிட்டது. அடுத்த இதழில், "தெரியாமப் போட்டுட்டேன், ஒண்ணுக்கு ஒண்ணு இலவசம்" என்று அவரே எழுதினார். வாசகர்கள் அதையும் கொண்டாடினார்கள்.

இதைப் பற்றி அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் அசரவில்லை.

"டீச்சர், எங்க சூலியா தெருவுல எந்த மோட்டோர் சைக்கிளு ஒருவழியில ஒழுங்காப் போவுது? எல்லாம் வீடு போய்ச் சேருதா இல்லையா லா?"

அவருடைய வாரங்களில் விடைகள் வந்து குவியும். என்னுடையதற்கு வருகிறவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் இருவர் பிழை கண்டுபிடிக்கவே எழுதுகிறவர்கள். கடினமான புதிருக்குக் குறைவாகத்தான் வரும் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரை முதன்முதலில் பார்த்தது ஏழு ஆண்டுகளுக்கு முன்பு. படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்பட்டது. வேறு கடைகளும் இருந்தன. ஆனால் இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அங்கே போனேன், பெயரைச் சொல்லாமல். அவர் சோதனைச் சட்டகத்தில் வில்லைகளைப் பொருத்தி என் மூக்கில் மாட்டினார். வழக்கமாகத் தரும் வாசிப்பு அட்டைக்குப் பதிலாக ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினார். இன்னும் அச்சாகாத ஒரு குறுக்கெழுத்துப் புதிர்.

"இதப் போடுங்கம்மா. கண்ணு தெளிவாத் தெரியுதான்னு தெரிஞ்சிரும்."

நான் போட்டேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை, விடையைப் பார்க்கவில்லை. பென்சிலின் முனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன்.

"மேலிருந்து கீழ் ஆறுல நின்னீங்க," என்றார்.

"யோசித்தேன்."

"இல்ல, நின்னீங்க. யோசிக்கிறப்ப பென்சில் ஆடிக்கிட்டே இருக்கும். நிக்கிறப்ப அப்படியே நின்னுரும்." தன் நோட்டைத் திறந்து, ஆறாம் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதே கட்டத்தில் ஏற்கெனவே மூன்று புள்ளிகள் இருந்தன. "நாலு பேரு ஒரே எடத்துல நின்னா தப்பு அவுங்க மேல இல்ல. நாந்தான் வழியில கல்லப் போட்டிருக்கேன். இத மாத்தணும்."

இதுதான் அவருடைய வேலைமுறை. ஒவ்வொரு புதிரும் அச்சுக்குப் போகுமுன் கண்ணாடிக்கு வந்த ஏழெட்டுப் பேரின் கைகளுக்குள் போய் வந்தது. நான் என் மேசையில் தனியாக உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் எங்கோ திணறப்போவதை எண்ணித் திருப்தியடைந்துகொண்டிருந்தேன். அந்தக் கடையில் அவருக்குத் திணறல் கண்ணெதிரே கிடைத்தது. சிரிப்பும்.

கிளம்பும்போது கேட்டார்: "நீங்கதானே வாசுகி டீச்சர்?"

"எப்படித் தெரிந்தது?"

"பென்சில எடுத்ததும் மொதல்ல கறுப்புக் கட்டத்த எண்ணுனீங்க. கட்டம் போடுறவங்க மட்டும்தான் அத எண்ணுவாங்க."

அதன் பிறகு என் புதிர் வரும் ஞாயிறுகளில் தவறாமல் அழைத்து, "கட்டம் அழகா இருக்கு டீச்சர்" என்பார். கட்டத்தை மட்டும்தான் சொல்வார். விருந்து சாப்பிட்டவர் தட்டு பளபளப்பாக இருக்கிறது என்று சொன்னால் சமைத்தவருக்கு எப்படி இருக்கும்? ஒரு முறை பொறுக்காமல், எல்லோரும் முடித்துவிடுகிற புதிர் ஒரு புதிரா என்று கேட்டுவிட்டேன். "ஜாதிக்காய் ஊறுகா ஜாடி டீச்சர். மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கணும், சரிதான். தெறக்கவே முடியலன்னா கடைக்காரனுக்கு அதுல என்னா பெருமை?" என்றார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது என் வீட்டிலேயே நடந்தது.

என் கணவர் மணியம் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அவருடைய கண்ணாடியின் திருகாணி அடிக்கடி கழன்றுகொள்வதைக் கவனித்தேன். சரியாக ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி கழன்றது. வேலை முடிந்து நேராக நைனாவின் கடைக்குப் போய் இறுக்கிக்கொண்டு வருவார். நாளெல்லாம் இயந்திரங்களின் திருகாணியை இறுக்குகிற மனிதர்!

"அந்த ஸ்க்ரூ எத்தன தடவதான் லூசாகும்?" என்று கேட்டேன்.

"அவரு ஃப்ரீயா டைட் பண்ணித் தராரு லா."

"உண்மையச் சொல்லுங்க. அவரு புதிரத்தானே போடப் போறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "ஞாயித்துக்கெழம வர்றத வெள்ளிக்கெழமையே போடறது ஒரு சொகம் வாசு. நான் போட்டு, நான் நின்ன எடத்த அவரு மாத்துவாரு. பேப்பர்ல பாக்குறப்ப, இது நம்மால மாறுனதுன்னு இருக்கும்."

"என்னோடத ஏன் ஒரு நாளும் போடல?"

"உன்னோடது பரீட்ச மாதிரி இருக்கு. தப்பாப் போட்டா சாயங்காலம் வரைக்கும் நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப."

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் என் புதிர் வந்த பக்கத்தை அவர் நான்காக மடித்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே வைப்பார். அப்புறம் போடுவதற்காம். அந்த அப்புறம் வந்ததில்லை.

சனிக்கிழமை மாலை இருவரும் நைனாவின் வீட்டுக்குப் போனோம். கணவர் இறந்தபின் தனித்திருக்கும் இத்தா காலத்தில் பெண் வெளி ஆண்களைப் பார்ப்பதில்லை என்பதால் மணியம் கூடத்தில் நைனாவின் தம்பியோடு உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். நைனாவின் மனைவி ஜமீலா அக்கா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் எங்களுக்கு ஒண்ணும் வெளங்கலம்மா. டீச்சருக்கு வெளங்கும்னு அவுங்க சொல்வாங்க. எடுத்துட்டுப் போங்க. இங்க இருந்தா நான் தெறந்து தெறந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

அங்கேயே திறந்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டம். கீழே அதைப் போட்டுப் பார்த்தவர்களின் பட்டியல். யாருக்கும் பெயரில்லை. 'பச்சை ஃப்ரேம்', 'இரட்டை பவர்', 'காது வலிக்குதுன்னவர்'. புள்ளி, பென்சில் நின்ற இடம். சில கட்டங்களில் புள்ளிக்குப் பதிலாக 'சி' என்று எழுதியிருந்தது. அது சிரித்த இடம்.

பக்கத்துக்குப் பக்கம் ஒருவர் திரும்பத் திரும்ப வந்தார். 'ஸ்க்ரூ'. அவருக்கு நேரே எவ்வளவு 'சி'! திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்த மனிதர் இத்தனை முறை சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தனையும் சூலியா தெருவில், ஒரு முக்காலிக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இறந்துபோன மனிதர்மீது அந்த நிமிடம் எனக்கு வந்தது வெறும் ஆத்திரம். எழுதாமல் விட நினைத்தேன். விட்டால் இது அவருக்கு அஞ்சலியாக இருக்காது.

முன்பக்கங்களுக்குத் திருப்பியபோது 'டீச்சர்' வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் புதிர். ஆறில் என் புள்ளி. பதினொன்றில் அவருடைய குறிப்பு: 'ஃபெரியோடு போகும், ஃபெரியோடு வரும், டிக்கெட் மட்டும் எடுக்காது (2)'. விடை 'அலை'. அந்தக் கட்டத்தின் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: 'சிரிக்கல. அடக்கிட்டாங்க.'

உண்மை. அடக்கிக்கொண்டேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கு அதைத் தரக்கூடாது என்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் பென்சிலை மட்டும்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நைனாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நோட்டில் மீதமிருக்கும் வெற்றுப் பக்கங்களை. ஒருவர் நிற்கும் இடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற அவருடைய பழக்கத்தை. பொறாமையையும்தான். அது பயன்படுகிறது என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் நடந்தது இது. ஞாயிறு மலரில் அவருடைய முறையில் என் புதிர் வந்திருந்தது. மணியம் அதை மடிக்கப் போனார். நான் பென்சிலை நீட்டினேன். எதிரே உட்காராமல், நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்னா இது?"

"போடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நைனா அண்ணே பாக்குறப்ப இவ்ளோ பயமா இருக்காது வாசு."

போட்டார். ஐந்து இடங்களில் நின்றார். நைனாவின் நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தில் என் கட்டத்தை வரைந்து, நான் ஐந்து புள்ளிகள் வைத்தேன். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. பதினொரு மணிக்குப் பென்சிலை வைத்துவிட்டு, மீன் தீர்ந்துவிடும் என்று ஜெலுத்தோங் சந்தைக்குக் கிளம்பினார். தாளை மடிக்கவில்லை.

அரை மணி கழித்துத் தொலைபேசி அடித்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"வாசு! பதிமூணு, 'நல்லதைக் கீழே விடும், கல்லைக் கையில் வைத்துக்கொள்ளும்.' நாலெழுத்துதானே? இங்க கருவாட்டுக் கடையில ஒரு அக்கா நெத்திலி சலிக்கிறாங்க. சல்லடை! சல்லடைதானே லா?"

"சரி," என்றேன்.

அதற்கு அவர் சிரித்தாரா, சந்தைச் சத்தமா என்று பிடிபடுவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. நோட்டைத் திறந்து பதிமூன்றாம் கட்டத்துக்குப் போனேன். அங்கே காலையில் நான் வைத்த புள்ளி இருந்தது. பக்கத்தில் 'சி' போடலாமா என்று தெரியவில்லை. என் பென்சில் அங்கேயே நின்றது.