குவிமாடத்தில் செருப்புச் சத்தம்

நேற்று கார் நிறுத்தப் போன புதுக் கட்டடத்தின் அடித்தளத்தில் வவ்வால் எச்சத்தின் நெடி. என் சின்ன வயதில் இதே இடத்தில், எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், யாருடையதென்று தெரியாத ஒரு கல்லறை மண்டபம் இருந்தது. எப்போது இடித்தார்கள் என்றுகூட இங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

ஊரிலிருந்து டில்லி பார்க்க வருகிறவர்களை அம்மா சாயங்காலங்களில் பூங்கா பூங்காவாக நடத்திக் கூட்டிப்போய், கடைசியில் அதன் வாசலில் நிறுத்துவாள்.

"செருப்பக் கழத்துங்க. கோயில் இல்லன்னாலும் உள்ள ஒருத்தர் இருக்காருல்லா."

சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு, நடுவில் இருந்த சமாதியை எல்லோரும் வலம் வருவோம். மேலே குவிமாடத்தின் இருட்டில் வவ்வால்கள் அசையும், எங்கள் காலடிகளுக்குச் சத்தமே இருக்காது, ஆனால் பின்னால் யாரோ தோல்செருப்பை இழுத்து இழுத்து நடப்பது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

"திரும்பிப் பாக்காத, ஜல்தி நட" என்று அம்மா என் கையை இறுக்குவாள்.

நேற்றும் அந்தச் சத்தம் கேட்டது. என் ஷூவின் எதிரொலிதானே என்று அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அசையாமல் நின்றேன்.

சத்தம் நிற்கவில்லை. நிதானமாக, வலமாக, என்னைச் சுற்றி வந்தது.