பியட்டின் பின்னால் கேட்ட சத்தம்

மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பை முதலாளி திடீரென்று மூடிவிட்டார். கேளம்பாக்கம் பக்கம் இருந்த நிலத்தைக் கவனிக்கப் போகிறேன் என்றார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முதலாளியிடம் போய் நிற்க மனம் வரவில்லை. டூல்ஸ் பையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்கே போய் வண்டி பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஆனால் யாரும் கூப்பிடவில்லை. காலையில் பையைக் கட்டுவதும் சாயங்காலம் அவிழ்ப்பதுமாகவே கொஞ்ச நாள் போனது.

முதலில் கூப்பிட்டவர் சிட்லபாக்கம் வசந்தா மேடம். பள்ளிக்கூட டீச்சர். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அவரும் ரிப்பேருக்குக் கூப்பிடவில்லை.

“வண்டிய வித்துடலாம்னு இருக்கேன் மாணிக்கம். என்ன கண்டிஷன்ல இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.”

போர்டிகோவில் பழைய பியட் கார் நின்றது. பழசுதான், ஆனால் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

“இவ்ளோ நல்லா வச்சிகினு கீறீங்க, இன்னாத்துக்கு மேடம் விக்கணும்?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஹாலில் ஜன்னல் ஓரம் அவருடைய கணவர் நடராஜன் சார் உட்கார்ந்திருந்தார். ஒரு தொழிற்சாலையில் மெஷின் பிரிவில் வேலை பார்த்தவர். இந்தக் காரின் சர்வீஸ் எல்லாம் அவர் கைவேலைதான். முந்தின வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, எழுதவும் வரவில்லை. அவரைத் தெரப்பிக்கு அழைத்துப் போவதற்காகவே மேடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

“நான் ஓட்டறது அவருக்குப் பிடிக்கல. வண்டி கிளம்பினாலே பின்பக்கம் கையக் காட்டிக் காட்டித் தலைய ஆட்டறாரு. பின்னாடி வர்ற வண்டிய நான் பார்க்கலன்னு கோவம்போல. இப்ப கார்ல ஏறவே மாட்டேங்கறாரு. தெரப்பி நின்னு போச்சு. கார் இல்லன்னா ஆட்டோலயாவது வருவாரில்ல?”

வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

நான் வண்டியை எடுத்தேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனைப் பள்ளத்தில் இறங்கியதும் பின்னால் ‘டொக்’ என்றது. வளைவில் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் தனக்கென்று ஒரு வழியில் போகப் பார்த்தது.

“இந்த சத்தம் எத்தினி நாளா கீது மேடம்?”

“ரொம்ப நாளா. நான் கிளச்ச சரியா விடலன்னு நினைச்சேன்.”

வீட்டுக்குத் திரும்பி, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். பியட்டில் பின்சக்கரங்களைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். அதன் இரண்டு முனைகளிலும் கண் மாதிரி வளையம். அதற்குள் ரப்பர் புஷ், புஷ் நடுவே போல்ட். டயர் லீவரை விட்டு நெம்பியதும் ஸ்பிரிங் கடகடவென்று ஆடியது. ரப்பர் தேய்ந்து தூளாகியிருந்தது.

“உங்க டிரைவிங்ல ஒரு கோளாறும் இல்ல மேடம்!” அடியிலிருந்தபடியே கத்தினேன். “பின்னாடி புஷ் பூட்ச்சு!”

ஜன்னல் கம்பியில் யாரோ படபடவென்று தட்டினார்கள். நடராஜன் சார், இடது கையால். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. மேடம் உள்ளே ஓடினார்.

“பின்னாடி பின்னாடின்னு காட்டினது இதத்தானா? புஷ்ஷயா?”

அவர் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“அப்ப நான் ஓட்டறது?”

இடது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மேடம் அப்படியே நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். “இத்தன நாளா உங்க மேல கோவிச்சுக்கிட்டு இருந்தேனே” என்றது மட்டும் என் காதில் விழுந்தது. நான் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டேன்.

போர்டிகோவில் வேலை

ஞாயிற்றுக்கிழமை புது புஷ்களோடு போனேன். சாரின் நாற்காலி போர்டிகோவுக்கு வந்திருந்தது. முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் தடித்த மரக்கட்டைகளை வைத்தேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. போல்ட்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. டீசல் விட்டு ஊற வைத்துத் தட்டித் தட்டித்தான் கழற்றினேன். சோப்புத் தண்ணீர் தடவி, நீள போல்ட்டும் பைப் துண்டும் வைத்து முறுக்கி முறுக்கிப் புது புஷ்களை உள்ளே இழுத்தேன்.

கடைசியாக நட்டை டைட் செய்ய ஸ்பேனரை எடுத்தபோது சார் நாற்காலிக் கையைத் தட்டினார். உள்ளங்கையைக் கீழே கீழே அழுத்திக் காட்டினார்.

“இன்னா சார், தண்ணி வோணுமா?”

இல்லை. மேடம் வந்தார். இந்தத் தடவை அவராக ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“நட்டா? இல்லயா? வண்டியா? வண்டிய இறக்கணுமா? இறக்கிட்டு அப்புறம் டைட் பண்ணணுமா?”

சார் கண்ணை மூடித் திறந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் தூக்கி வைத்தே முறுக்குவோம். புஷ் போய்விட்டால் சரக்கு சரியில்லை என்போம்.

வண்டியை இறக்கி, பின்பக்கத்தை நன்றாக அமுக்கிவிட்டு, இடுக்கில் புகுந்து டைட் செய்தேன். முழங்கை சிராய்த்தது. ஆனாலும் மனம் நிறைந்திருந்தது.

மேடம் ஓட்ட, சார் முன்சீட்டில், நான் பின்சீட்டில். ரயில்வே கேட் வந்தது. தண்டவாளத்தில் ஏறும்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். டயர் சத்தம் மட்டும்தான் கேட்டது. திரும்பி வரும்போது சாரின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது.

“தூங்கிட்டாரு” என்றார் மேடம். குரலில் அவ்வளவு பெருமை.

மறுநாளே தெரப்பி தொடர்ந்தது. பிறகு சார் கோல் ஊன்றி நடந்தார். மேடம் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல, சேலையூரிலிருந்தும் பீர்க்கன்கரணையிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டார்கள். என் பெண்கள் இருவரும் படித்தது அந்த வருமானத்தில்தான். அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் கை தானாகக் கும்பிடும்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன். புஷ் போல்ட்டை வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகு முறுக்குங்கள். வண்டியில் சத்தம் என்று யாராவது சொன்னால், ஓட்டுகிறவரை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அந்த வண்டியில் வருகிற எல்லோரையும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் பிடித்தால், காத்திருங்கள்.