விதைக்கு மட்டும் அரிவாள்

போன ஞாயிற்றுக்கிழமை என் வயலில் அறுவடை முடிந்தது. முக்கால்வாசியை மிஷின்தான் அறுத்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதும் இதே பக்கத்தில் வேறு மாதிரி முழங்கியிருக்கிறேன். ரசாயன உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது, மிஷின் கிடையாது என்று. படித்துவிட்டுப் பலர் போன் செய்தீர்கள். "சார், மிஷின் படாத அரிசி எங்களுக்கும் வேணும்" என்றீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் எனக்கு ஒரு ஏக்கர் நிலம். மூன்று வருடமாக அதில் கிச்சிலிச் சம்பா என்ற பாரம்பரிய நெல். முதல் வருடம் ஒரு நண்பர் கொடுத்த இரண்டு படி விதையில் ஆரம்பித்தேன். வயலுக்குள் நடந்து நடந்து கலவன் பிடுங்கினேன். கலவன் என்றால் வேறு ரகப் பயிர். கூடவே முளைத்து விதையைக் கெடுக்கும். இந்த வருடம்தான் 'இது சுத்த விதை' என்று சொல்லி அடுத்தவர் கையில் கொடுக்கலாம் என்ற தைரியம் வந்தது. பக்கத்து ஊர் விவசாயிகள் மூன்று பேர் அதை நம்பி, அடுத்த பட்டத்துக்கு வேறு விதை தேடாமல் இருந்தார்கள்.

ஆனால் ஆசை யாரை விட்டது? தக்கைப்பூண்டை வளர்த்துப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுதது போதாதென்று ஜீவாமிர்தத்தையும் குடம் குடமாக ஊற்றினேன். சாணம், கோமியம், வெல்லம் கரைத்துப் புளிக்க வைக்கும் கரைசல் அது. இயற்கை உரம்தானே, என்ன ஆகிவிடும்? பயிர் மார்பளவுக்கு வளர்ந்தது. பார்த்தவர்களெல்லாம் போட்டோ எடுத்தார்கள். பொங்கல் முடிந்த வாரம் இரண்டு நாள் மழை... அப்படியே படுத்துவிட்டது. மேட்டுப் பக்கம் கொஞ்சம் மட்டும் நின்றது.

யூரியா போட்டவன் பயிர் சாய்ந்தால் 'பேராசை' என்று எழுதுகிறவன் நான். என் பயிர் சாய்ந்ததற்கு மட்டும் மழையா காரணம்?

பழுத்த கதிர் ஈரத்தில் கிடந்தால் அங்கேயே முளைக்கத் தொடங்கும். வியாழக்கிழமை சாய்ந்த பக்கம் ஒரு கதிரை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று நெல்லில் வெள்ளையாக முளை. முளைத்த நெல் விதைக்கு ஆகாது.

பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமி அண்ணன் வரப்பில் வந்து நின்றார்.

"இன்னா நைனா, பொணத்த பாக்குற மாரி பாத்துக்கினு நிக்கிற? எங்க நெலத்துல செயின் வண்டி நிக்குது. ஒரு வார்த்த சொல்லு, வரப்பு தாண்டி இட்டாந்துர்றேன். திங்கக்கெழம அது ஆந்திரா பக்கம் பூடும். அப்பால நீ கெஞ்சினாலும் வராது."

செயின் வண்டி என்றால் சேற்றிலும் இறங்குகிற அறுவடை மிஷின்.

"வேணாம்ணா. விதை கலந்துடும்."

இது வீம்பு இல்லை. அறுவடை மிஷினின் வயிற்றில் முந்தின வயலின் நெல் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும். அடுத்த வயலை அறுக்கும்போது அதோடு சேர்ந்து வெளியே வரும். சாப்பிட அது பரவாயில்லை. விதை என்றால் மூன்று வருட வேலை போச்சு.

"அப்ப அருவாள எடுத்துக்கினு நீயே எறங்கு. ஊர்ல ஆளு எங்க கீது? அல்லாரும் கம்பெனில கீறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

உண்மைதான். எங்கள் ஊரில் அரிவாள் பிடிக்கத் தெரிந்த பெண்கள் எல்லோரும் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். முன்பு அறுவடைக்கு ஆள் சேர்த்துவந்த செல்வியும் அப்படித்தான். கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறாள். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வேனை விட்டு இறங்கியவளை வழியிலேயே பிடித்தேன்.

"செல்வி, பத்து ஆள் வேணும். ரெண்டு நாள் வேலை."

"பத்தா? இன்னாணா வெளாட்றியா? ஞாயித்துக்கெழம ஒருநாள்தான் லீவு. அன்னிக்குத்தான் துணி தொவைக்கணும், புள்ளைங்களுக்கு தல ஊத்தணும். நீ மிஷினு உடு."

"நான் மிஷின் இல்லாத விவசாயம் பண்றேன், தெரியும்ல?"

அவள் டிபன் பாக்ஸ் பையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"உழும்போது இன்னா வந்துச்சு? மாடா?"

வந்தது டிராக்டர். இந்தப் பக்கத்தில் அதை நான் எழுதியதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

"நாங்க ஆறு நாளு மிஷினுகிட்ட நிக்கிறோம்" என்றாள் செல்வி. "ஏழாவது நாளு உனுக்கோசரம் மிஷினு இல்லாம குனியணுமா? நல்ல கதையா கீதுணா."

கோபம் வந்தது. ஆனாலும் விதை விஷயத்தை விவரமாகச் சொன்னேன். முளை விட்டதையும், காத்திருக்கும் மூன்று பேரையும்.

அவள் யோசித்தாள். "வெதைக்கு எவ்ளோ வேணும்?"

"ரெண்டு மூட்டை, மூணு மூட்டை..."

"மேட்டுல நிக்குதே, அதுவே தேறுமே! முளைச்சத வெதைக்கா போடப்போற? அத்த மட்டும் நாங்க அறுத்து அடிச்சுக் குடுத்துர்றோம். படுத்தது சோத்துக்குத்தான? அதுல வண்டிய உடு."

எவ்வளவு எளிது! இத்தனை நாளாக எனக்கு ஏன் தோன்றவில்லை? 'மிஷின் கூடாது' என்று மண்டையில் எழுதி வைத்திருந்தேன். எதற்குக் கூடாது என்பதை மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை செல்வியோடு நாலு பேர் வந்தார்கள். கையில் கம்பெனி கிளவுஸ். நானும் அரிவாளோடு இறங்கினேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. நான் அறுத்த இடத்தில் தாள் முழங்கால் உயரத்துக்கு நின்றது, கதிர் பாதி சேற்றில் கிடந்தது. செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, நீ கரைக்கு ஏறு. போயி நாஷ்டாவுக்கு வழி பண்ணு. நீ அறுக்கிறத நாங்க பொறுக்கறதுக்கே நேரம் பூடும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏறிவிட்டேன். இட்லி வாங்கி வந்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மதியத்துக்குள் மேட்டுப் பக்கம் முடிந்தது. கதிர்க்கட்டுகளைக் கல்லில் அடித்து, தார்ப்பாயில் விதைநெல்லைக் குவித்துவிட்டார்கள். மூன்று மூட்டை தேறும். அதன் பிறகு முனுசாமி அண்ணனுக்குக் கை காட்டினேன். செயின் வண்டி வரப்பைத் தாண்டி வந்தது. சாய்ந்த பக்கம் ஒரு மணி நேரத்தில் காலி.

மிஷின் கொட்டிய நெல்லில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். மெல்லிசான கிச்சிலிக்கு நடுவே, அங்கங்கே முனுசாமி அண்ணனின் குண்டு நெல். நான் பயந்தது பொய் இல்லை. அந்த ஒரு திருப்தி.

கூலியை நெல்லாகவே கேட்டார்கள். நான் பெரிய மனதோடு தார்ப்பாயைக் காட்டி, "இதுலயே எடுத்துக்கங்க. கையால அறுத்தது" என்றேன்.

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெதைய துன்ன சொல்றியா? உனுக்கு புத்தி கீதா, இல்லியா? அந்த மிஷின் நெல்ல அள்ளு. வெந்தா சோறுதான."

இனிமேல் யாராவது என்னிடம் 'மிஷின் படாத அரிசி' கேட்டால் ஒன்று மட்டும் கேட்பேன். உங்களுக்காக யாருடைய ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளட்டும்? இயற்கை விவசாயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உரம் இல்லாமலும் மருந்து இல்லாமலும்தான் அடுத்த வருடமும் பயிர் வைப்பேன். ஆனால் அடுத்தவர் முதுகை வளைத்துவிட்டு, அதை என் கொள்கை என்று எழுத மாட்டேன்.

ஈரச்சாக்கில் கட்டி வைத்திருந்த ஒரு பிடி விதையை நேற்று பிரித்துப் பார்த்தேன். முளைப்பு நன்றாக இருக்கிறது. மூன்று விவசாயிகளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

விதை பிழைத்தது. என் வாய்ச்சவடால்தான் போனது. பரவாயில்லை... அதை விதைத்தாலும் முளைக்காது.