மை வைக்கும் மேசை

தேர்தல் வேலைக்கு ஆணை வந்ததும் டெல்பின் டீச்சரின் பள்ளியில் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்துவிடும். மீதிப் பேருக்கு வீட்டில் யாராவது படுத்துவிடுவார்கள். டெல்பின் மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வாள்.

“அப்படி என்ன டீச்சர் ஆசை? கொசுக்கடியில பெஞ்சுல படுக்கறதுக்கா?” என்று பாக்கியமேரி டீச்சர் கேலி செய்வாள்.

“யாராவது உக்காந்தாத்தானே ஓட்டு நடக்கும்?”

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மகள் ஆன்சி, ஸ்ரீரங்கத்து மாதவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்ற அன்று, “இனி உன் கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று கதவைச் சாத்தியவள் டெல்பின். ஆறு வருடமாகிறது. கோபம் முதல் கிறிஸ்துமஸுக்குள்ளேயே வடிந்துவிட்டது. தில்லை நகரில் ஆன்சி வேலை பார்க்கும் மருந்துக் கடைவரை போய், படியேறாமல் திரும்பியிருக்கிறாள். ஏறிப் போய் என்ன பேசுவது?

மை வைக்கும் மேசையில் அந்தக் கவலை இல்லை. வருகிறவர் இடது கையை நீட்டியாக வேண்டும். இவள் பிடித்தாக வேண்டும். தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கூட அங்கே நீட்டுவார். “இந்தக் கோடு ஒழுங்கா இருந்தாத்தாங்க ஒருத்தருக்கு ஒரு ஓட்டு” என்று பயிற்சி வகுப்பில் அதிகாரி சொன்னபோது, டெல்பின் ஆன்சியின் விரலைத்தான் நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு தேர்தலில் லால்குடிப் பக்கம் போட்டார்கள், அடுத்ததில் துவாக்குடி. இந்த முறைதான் ஆன்சி இருக்கும் ஸ்ரீரங்கம்.

காலையிலிருந்து வளையல் போட்ட ஒவ்வொரு கை வரும்போதும் நிமிர்ந்து பார்த்தாள். வெயில் ஏறிய பிறகு, கதவுக்கு வெளியே, வரிசையின் கடைசியில் ஆன்சி நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புடவை கட்டியிருந்தாள். டெல்பினுக்கு மைக்குச்சி நழுவிற்று.

“டீச்சர், நகத்துல வைங்க, எனக்குக் கை பூரா வைக்கறீங்க” என்றார் எதிரில் நின்றவர்.

வரிசை நகர்ந்தது. ஆன்சி முதல் மேசைக்கு வந்துவிட்டாள். டெல்பினின் கை தானாகவே மேசைமேல் விரிந்து காத்திருந்தது.

முதல் மேசையில் பெயர் பார்க்கும் நஸ்ருல்லா பட்டியலை இரண்டு தரம் புரட்டினார். “உங்க பேரு இங்க இல்லைங்களேம்மா. ஸ்லிப்புல போட்டிருக்கே, பக்கத்து ரூம்.”

“அப்படிங்களா சார்? கவனிக்கலை.”

“நல்லா இருக்கு போ!” என்றாள் பின்னால் நின்ற அம்மாள். “இவ்வளவு நேரம் வெயில்ல நின்னுட்டு, தப்பு வரிசையா? படிச்ச புள்ளையாட்டம் இருக்கே!”

டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் ஆன்சி. ஸ்லிப்பில் கொட்டை எழுத்தில் இருந்த அறை எண் அவளுக்கா தெரியாது?

அவள் நகரவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் தளர்த்தி, விரிந்திருந்த அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உதடெல்லாம் காஞ்சு கெடக்கு. குடிங்க.”

“டீச்சருக்கு மட்டும்தானா? நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?” என்றார் கட்சி ஏஜென்ட் ஒருவர். சிரிப்பு அடங்குவதற்குள் ஆன்சி போய்விட்டாள். பக்கத்து அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அவள் விரலைப் பிடித்திருப்பார்கள். எழுந்து போக முடியாது. எதிரில் அடுத்த கை நீண்டிருந்தது. டெல்பின் ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய். அதற்குப் பிறகுதான் அந்தக் கையைப் பிடித்தாள்.

சாயங்காலம் எந்திரத்துக்குச் சீல் வைத்து, பொருள்களைக் கட்டும்போது, வாக்குச்சாவடித் தலைவர் கலையரசன் காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். “யாரோடதுங்க இது? குப்பையில போட்டுடவா?”

“ஐயோ, போட்டுடாதீங்க சார்” என்று எழுந்தாள் டெல்பின். “என் பொண்ணோடது. கொண்டுபோய்க் கொடுக்கணும்.”