சீஷெல்ஸுக்குப் பன்னிரண்டு மதிப்பெண்

கள்ளக்குறிச்சி வெல்ல வியாபாரி ஜீனத்துன்னிசா எந்த நாட்டையும் அவ்வளவு சீக்கிரம் மதித்துவிட மாட்டார். ஏற்றுமதியில் இறங்கிய ஆறு வருடத்தில் நாடுகளுக்கெல்லாம் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். சென்னையிலிருந்து வாரத்துக்கு எத்தனை கன்டெய்னர் கப்பல் நேராகப் போகிறது, எத்தனை கம்பெனி ஓட்டுகிறது, கப்பல் எவ்வளவு பெரிசு என்பதுதான் அளவுகோல். உலக அமைப்புகளும் இப்படி ஒரு குறியீடு போடுவதாக மகள் நௌஷீன் சொன்னபோது, பரவாயில்லை, அவர்களுக்கும் புத்தி இருக்கிறது என்று பாராட்டினார்.

முப்பதுக்குக் கீழே வாங்கிய நாட்டுக்குச் சரக்கு கிடையாது. கணவர் ஜாபர் இதில் தலையிடுவதே இல்லை. முப்பது வருடக் குடித்தனம் கற்றுக்கொடுத்த பாடம்.

போன நவம்பரில் சீஷெல்ஸ் தீவிலிருந்து இளமாறன் போனில் பேசினான். ரிஷிவந்தியத்துக்காரன், கட்டட வேலைக்குப் போன இடத்தில் புதிதாக மளிகைக்கடை வைத்திருந்தான். பொங்கலுக்கு வெல்லமும் ஜவ்வரிசியும் தருவதாக அங்குள்ள தமிழர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டானாம். முதல் வருடமே சொல் தவறினால் கடையை யார் மதிப்பார்கள் என்று கெஞ்சினான். சீஷெல்ஸ் வாங்கியிருந்தது பன்னிரண்டு. முடியாது என்றுவிட்டார்.

மறுவாரம் மகளைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பியவர், ஊரில் எல்லோரும் செய்வதுபோல் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் பைபாஸில் போய் நின்றார். சேலத்திலிருந்து சென்னை போகிற வண்டிகள் பாதி ஊருக்குள் வராது. அரை மணிக்குள் நாலு வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டாண்டுக்குள் வருகிற வண்டியை மட்டும் எண்ணினால் இந்த ஊரே பெயிலாகிவிடும். சென்னையிலிருந்து நேராகப் போகிற கப்பலை மட்டும் எண்ணி சீஷெல்ஸை அப்படித்தானே பெயிலாக்கியிருந்தார்?

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனுஷிக்கு இது கசக்கத்தான் செய்தது. ஆனாலும் பஸ்ஸில் இருந்தபடியே கப்பல் ஏஜென்டைக் கேட்டார். கொழும்பில் கப்பல் மாற்றினால் சரக்கு பொங்கலுக்குள் போய்விடும் என்றார் அவர். உடனே ஜீனத்துன்னிசா இளமாறனைக் கூப்பிட்டார்.

"தப்பு எம்மேலதான் தம்பி. சரக்கு வருது."

கொழும்பில் அடுத்த கப்பலுக்காகக் கன்டெய்னர் ஒன்பது நாள் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜனவரி பதினொன்றாம் தேதி காலை இளமாறன் வீடியோவில் வந்து, போனைக் கடைவாசல் பக்கம் திருப்பினான். வெல்லம் வாங்கத் தெருமுனை வரைக்கும் ஆள் நின்றது.

ஜீனத்துன்னிசா வாய்விட்டு அழுதார். ஜாபர் பதறி ஓடிவந்தார்.

"இன்னா, கப்பலு கவுந்துடுச்சா?"

"போய்ச் சேந்துடுச்சிங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் பலமாக அழுதார்.